கயிறு கைக்கு வந்த செவ்வாய்க்கிழமை

காலை ஆறரை. உக்கடத்தில் பஸ் உறுமுகிறது. பக்கத்து சீட்டில் தோழி ஸ்டெல்லா, ஒலிப்பதிவுக் கருவியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார். சரவணம்பட்டியில் ஒரு கல்லூரியில் தமிழ் விரிவுரையாளர். பேரம் பேசும்போது மரியாதை எப்படி ஏறி இறங்குகிறது என்பது அவருடைய ஆய்வு. கேள்வித்தாளில் வாங்கிய பதில்களை ஆய்வு வழிகாட்டி தள்ளிவிட்டாராம். "சனங்க நெசமாப் பேசறது வேணும். இந்த மாசத்துக்குள்ள இல்லைன்னா தலைப்பை மாத்திக்குங்க." நான் வேடிக்கை பார்க்கத் தொற்றிக்கொண்டேன்.

நாற்பது கிலோமீட்டர் சொச்சம். கிணத்துக்கடவு தாண்டியதும் தென்னை, தென்னை, வானத்தையே கூட்டிப் பெருக்கும் தென்னை.

எட்டு மணிக்குப் பொள்ளாச்சி மாட்டுச் சந்தை. டீ பதினைந்து ரூபாய். கண் போகும் தூரம் வரை கொம்புகள்! ஸ்டெல்லா ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்டார். தரகர் பழனிச்சாமி சம்மதித்தார். ஆனால் கருவியைக் கண்டதும் தொண்டையைச் செருமி, "அனைவருக்கும் வணக்கம். கால்நடைச் செல்வமானது..." என்று தொடங்கிவிட்டார்.

"ஏனுங்ணா, ஓட்டுக் கேக்கறீங்களா?" என்றார் கறவை மாட்டோடு நின்ற சரசு அக்கா.

பிறகுதான் இடி. பேரம் தொடங்கியதும் பேச்சு நின்றுபோனது. கைகள்மேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்தே விலை சொல்கிறார்கள். மீசைகூட அசையவில்லை. பதிவானது மாடு கத்தியது மட்டும்.

ஸ்டெல்லாவின் முகம் வாடிவிட்டது. சரசு அக்கா இரங்கி, "எம்மாட்டுக்கு வெலை சொல்றனுங்க. கையக் குடுங்க அம்மணி" என்றார். ஸ்டெல்லா அதைச் செய்முறை விளக்கம் என்று நினைத்தார். துண்டுக்குள் விரல்கள் பேசின. புரிந்துபோன பூரிப்பில், கல்லூரிப் பழக்கமாக, நன்றி என்று அந்தக் கையை இறுக்கிக் குலுக்கிவிட்டார்.

"கைய இறுக்கியாச்சு, யாவாரம் முடிஞ்சுதுங்க!" பழனிச்சாமி துண்டை உருவினார். கயிறு ஸ்டெல்லாவின் கையில்.

"ஐயோ, வேண்டாமுங்க்கா! நான் மூணாவது மாடீல குடியிருக்கறனுங்க!"

"லிப்ட் இருக்குதுங்களா?" கூட்டத்தில் ஒரு குரல்.

"கைய இறுக்கிப்போட்டு இப்ப வேண்டாம்னா? வந்த ஆளையெல்லாம் அனுப்பிச்சுப்போட்டேன். வெளையாடறியா கண்ணு?" என்று பாய்ந்தார் சரசு அக்கா.

"ஏ சரசு, உடு. புள்ள தெரியாம செஞ்சுபோட்டுது" என்றார் பழனிச்சாமி.

"நீ சும்மா இருய்யா! நீங்க சொல்லுங்க அம்மணி, இது நாயமுங்களா?"

மரியாதை ஏறுகிறது, விழுகிறது, மறுபடி எழுகிறது! ஸ்டெல்லாவின் கழுத்தில் கருவியின் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது. அவர் உட்பட எல்லோரும் மறந்திருந்தார்கள். எனக்குக் கத்தத் தோன்றியது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஒருவழியாக வேறொரு ஆள் மாட்டுக்கு வர, சரசு அக்கா கயிற்றைத் திரும்ப வாங்கினார். தண்டனை, எல்லோருக்கும் டீ. ஸ்டெல்லா, சண்டை பதிவானதைக் கருவியில் போட்டுக் காட்டி மறுபடி அனுமதி கேட்டார். "வெச்சுக்குங்க," என்றார் பழனிச்சாமி, "எம் பேரு வேண்டாம். மாட்டுப் பேரப் போட்டுக்குங்க." இங்கும் பெயர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

திரும்பும் பஸ்ஸில் இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிப் பதிவைக் கேட்டோம். ஸ்டெல்லா போனில் தட்டெழுதிக்கொண்டே வந்தார். முதல் குரல், தரகர். இரண்டாவது, விற்பவர். மூன்றாவது, அவருடைய குரலே. விரல் நின்றது. 'ஆய்வாளர்' என்று அடித்து, அழித்தார். ஈச்சனாரி வந்தபோது எட்டிப் பார்த்தேன்.

'மாடு வாங்கியவர்.'