சித்தப்பாவின் மெயின் சுவிட்ச்

ஸ்டுடியோ சாவியைச் சித்தப்பாவின் மேஜையில் விட்டெறிந்துவிட்டு அவள் வெளியேறியது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். மணப்பெண்ணின் அப்பா அப்போதும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். மகளின் கல்யாண வீடியோவை வாங்கிப்போக வந்தவர். அப்படி ஒரு வீடியோவே இல்லை என்று சற்று முன்புதான் அவருக்குத் தெரிந்தது.

சித்தப்பாவின் வீடியோ ஸ்டுடியோவில் அவளைப் பட்டாசு என்பார்கள். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. எடிட்டிங் அவள் பொறுப்பு. சாயங்காலமானால் புதிதாக வந்த வீடியோக்களைத் தனி டிஸ்கில் பேக்கப் எடுத்துவைப்பதும் அவள் பொறுப்பு.

சித்தப்பாவுக்கு இரண்டு பிடிவாதங்கள். பக்கத்துக் கடை மின்கசிவில் எரிந்ததிலிருந்து, கடை சாத்தும்போது மெயின் சுவிட்சைத் தன் கையாலேயே இறக்கினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். இன்னொன்று, சுருக்குவது. கணக்கு ஃபைல்களை யாரோ ஜிப் செய்து காட்ட, மலைபோல் இருந்தவை கடுகாகிவிட்டதைப் பார்த்து வாயைப் பிளந்தவர், இனி எல்லாவற்றையும் முடிந்த மட்டும் சுருக்கித்தான் பேக்கப் எடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

“சித்தப்பா, கணக்குல ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வரும், மடிச்சு வைக்கலாம். வீடியோ அப்படியா? கேமராவே பிழிஞ்சுதான் குடுக்குது. பிழிஞ்ச துணிய மறுபடி முறுக்கினா கைதான் வலிக்கும்.”

“சோம்பேறித்தனத்துக்கு விளக்கம் வேறயா?”

அவர் கண்ணெதிரிலேயே ஒரு வீடியோவைச் சுருக்கிக் காட்டினாள். சித்தப்பா டீ குடித்து, பேப்பரை வரி விடாமல் படித்த பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தது. அதே வீடியோவைச் சுருக்காமல் காப்பி செய்தபோது டீ ஆறுவதற்குள் முடிந்தது. அவ்வளவு நேரம் பிழிந்ததில் குறைந்தது நகம் வெட்டிய அளவு.

“கொஞ்சமாவது குறைஞ்சிருக்குல்ல?” என்றார் சித்தப்பா.

“நீங்க மெயின இறக்குறதுக்குள்ள முடியாது சித்தப்பா! பாதியில நின்ன ஜிப்ப வச்சு என்ன பண்றது? திறக்கவே திறக்காது!”

இவரிடம் பேசித் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். கணக்குகளை மட்டும் சுருக்கவிட்டு, வீடியோக்களுக்குச் சுருக்கலை நிறுத்திவிட்டாள். அதன்பிறகு சித்தப்பா சுவிட்சில் கை வைக்கும் முன்பே பேக்கப் முடிந்துவிடும். பேக்கப் டிஸ்க் சீக்கிரம் நிறைந்தது. அது ஒன்றுதான் தொல்லை.

அம்மாவின் கண் அறுவை சிகிச்சைக்காக அவள் ஒரு வாரம் லீவில் போனாள். டிஸ்க் நிறைவதைப் பார்த்த சித்தப்பா சுருக்கலைப் பழையபடி உச்சத்துக்கு ஏற்றினார். அந்த வாரம்தான் அந்தக் கல்யாணம். தானாக ஓடும்படி அவள் வைத்துவிட்டுப் போன பேக்கப் ஒவ்வொரு சாயங்காலமும் பாதி ஓடும். சித்தப்பா மெயினை இறக்குவார். மறுநாள் முதலிலிருந்து தொடங்கும். வீடியோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் கேமராவின் மெமரி கார்டுகளை அழித்து அடுத்த வேலைக்குக் கொடுத்தாகிவிட்டது. அவள் திரும்பிவருவதற்குள் கம்ப்யூட்டரின் டிஸ்க் மண்டையைப் போட்டது. பேக்கப்பில் இருந்ததெல்லாம் திறக்காத பாதி ஜிப்புகள்.

“பேக்கப் இவ பொறுப்பு சார். கோட்ட விட்டுட்டா,” என்றார் சித்தப்பா, மணப்பெண்ணின் அப்பாவிடம்.

அவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. “செட்டிங்க மாத்தினது யாருன்னு சொல்லுங்க சித்தப்பா. ஒரே ஒரு வார்த்தை. இவர் முன்னாடி சொல்லுங்க.”

சித்தப்பா மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார். சாவி பறந்தது அப்போதுதான்.

“என் தம்பிய நாலு பேர் முன்னாடி நிக்க வச்சு கேள்வி கேப்பியா?” என்று வீட்டில் அப்பாவும் ஏறினார். வேலை கேட்டுப் போன ஸ்டுடியோக்களில், “கல்யாண வீடியோவ தொலைச்ச பொண்ணு நீதானே?” என்று சிரித்தார்கள். ஆசையாகக் கற்ற எடிட்டிங் கையைவிட்டுப் போயிற்று. கடைசியில் ஒரு கூரியர் அலுவலகத்தில் பார்சல்களுக்கு ஸ்டிக்கர் ஒட்ட உட்கார்ந்தாள். ஒவ்வொரு ஸ்டிக்கரையும் அறைந்துதான் ஒட்டினாள்.

வருஷங்கள் கழித்து, வேலைக்கு நடுவே, சித்தியிடமிருந்து செய்தி வந்தது.

“இன்னிக்கு உங்க சித்தப்பா புது எடிட்டர்கிட்ட, ‘வீடியோவ சுருக்காதப்பா, ஒரு தடவ நான் சுருக்கப்போய் ஒரு கல்யாணமே போச்சு’ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. என் காதால கேட்டேன். உனக்குச் சொல்லணும்னு தோணுச்சும்மா.”

சிரித்துக்கொண்டே! கையிலிருந்த ஸ்டிக்கர் கசங்கியது. பதில் அடித்தாள்:

“அந்தக் கல்யாணப் பொண்ணோட அப்பா நம்பர் ஸ்டுடியோலதான் இருக்கு சித்தி. அவருக்கும் போன் போட்டு, இதே மாதிரி சிரிச்சுக்கிட்டே சொல்லச் சொல்லுங்க.”