கடைமடைக்கு வராத கல்யாணப் படம்

என் மகன் தான் வேலை பார்க்கும் ஊரிலேயே ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டான். நான் கிளம்ப வேண்டிய நாளில் அறுப்பு மெஷின் வந்து நின்றது, மழையும் கூடிக்கொண்டு வந்தது. நெல் காத்திருக்காது, மகன் காத்திருப்பான் என்று நினைத்தேன். அவனும் காத்திருக்கவில்லை.

அதற்குப் பரிகாரமாகத் தன் பழைய லேப்டாப்பில் கல்யாணப் படங்களை ஏற்றி, இந்தப் பக்கம் வந்த சிநேகிதனிடம் கொடுத்தனுப்பினான். அம்மாவுக்கு ஒன்றும் அமுக்கத் தெரியாது என்பதில் அவனுக்கு அத்தனை உறுதி. அதனால் எதையுமே அமுக்காமல் பத்து நிமிடம் சும்மா இருந்தால் படங்கள் தானாக வரும்படி செய்திருந்தானாம். அதற்கு ஸ்க்ரீன் சேவர் என்று பெயர். கரண்டு போனாலும் பாட்டரி தாங்க வேண்டுமே என்று பவர் சேவர் என்ற இன்னொன்றையும் போட்டிருந்தான். ஒன்று திரையைக் காப்பாற்றும், ஒன்று மின்சாரத்தைக் காப்பாற்றும். என்னைக் காப்பாற்ற ஒன்றும் போடவில்லை.

சிநேகிதன் மேசைமேல் வைத்து, வயரைச் சொருகி, தொடாமல் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனான். தொடாமல் இருப்பதில் எனக்கு வாழ்நாள் பழக்கம் உண்டு. எதிரில் உட்கார்ந்தேன். திரையில் ஒரு மலை. எங்கள் பக்கம் கோடியக்கரை உப்புக் குவியலை விட்டால் மலை கிடையாது, ஆகவே மரியாதையோடு பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் மலை மங்கித் திரை இருண்டது. சினிமாக் கொட்டகையில் விளக்கை அணைப்பதுபோல, மருமகள் வரத்தான் அணைக்கிறார்கள் என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். அரை மணி நேரம் இருட்டையே பார்த்தேன். பயந்துபோய் ஒரு பொத்தானைத் தொட்டதும் மலை திரும்பி வந்தது.

மகன் போனில் பார்த்தாயா என்று கேட்டான். இல்லை என்றால் விளக்குவான், எனக்கோ விளக்கம் கேட்கக் கூச்சம். ஐந்தாம் வகுப்போடு நின்றதற்கே அதுவும் ஒரு காரணம். "பார்த்தேன்ப்பா, லட்சணமா இருக்கா" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வீடு ஓரகத்தி வீடு. விடுவாளா? நிறம் கேட்டாள், மாநிறம் என்றேன். உயரம் கேட்டாள், நடுத்தரம் என்றேன். பொய் சொல்கிறவள் நடுவில் நிற்பதுதான் பத்திரம். "மூக்குத்தி போட்டிருக்காளா, இல்ல அதுவும் நடுத்தரமா?" என்றாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே ஓடிவந்தேன். அடுப்பில் பாலும் இல்லை, நெருப்பும் இல்லை.

பிறகு, வரும் வெள்ளிக்கிழமை இருவரும் நீடாமங்கலத்தில் ரயில் இறங்குகிறார்கள் என்று தகவல் வந்தது. இறங்குகிறவள் நான் சொன்ன அளவில் இல்லாவிட்டால் ஓரகத்தி சும்மா இருக்க மாட்டாள். கல்யாணத்துக்கும் வராமல், படத்தையும் பார்க்காமல், பார்த்ததாகப் புளுகிய மாமியார் என்று அந்தப் பெண்ணின் காதில் முதல் நாளே விழும்.

தினமும் உட்கார்ந்தேன். காற்றில் ஏதாவது அசைந்துவிடுமோ என்று ஃபேனைக்கூட நிறுத்தினேன். புதன்கிழமைதான் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றியது. சரியாக ஐந்தாம் நிமிடம் இருண்டது. மறுபடி பார்த்தேன், அதே ஐந்து.

இந்தக் கணக்கு எனக்குத் தெரிந்த கணக்குதான். எங்கள் வயல் கடைமடை, வாய்க்கால் முடிகிற இடம். முறை வைத்துத் தண்ணீர் விடும் வருஷங்களில் வாய்க்கால் தலைப்பில் மூன்று நாள் திறந்து மூடிவிடுவார்கள். எங்களுக்குத் தண்ணீர் வந்து சேர ஐந்து நாள் வேண்டும். அவர்கள் திறந்ததும் நிஜம், எங்கள் வயல் காய்ந்ததும் நிஜம்.

மகனைக் கூப்பிட்டேன். "திரைய எத்தனாவது நிமிஷத்துல மூடச் சொல்லியிருக்க?"

"அஞ்சும்மா. கரண்டு மிச்சம்ல?"

"படம் எத்தனைல வரும்?"

"பத்து" என்றவன் பேச்சை நிறுத்திவிட்டான். ஒரு இன்ஜினியர் ஐந்தையும் பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அமைதி போனில் நன்றாகக் கேட்டது. "அப்ப நீ இன்னும் அவளப் பாக்கவே இல்லையாம்மா?"

பால் என்று சொல்ல வாய் வரை வந்தது. "இல்லப்பா" என்றேன்.

திரை அணைந்த பிறகும் உள்ளே படம் ஓடிக்கொண்டுதான் இருக்குமாம். இரண்டு வாரமாக என் முன்னாலேயே இருட்டில் அவர்களுக்குக் கல்யாணம் நடந்திருக்கிறது.

போன் கை மாறியது. "அத்தை, பாக்காததே நல்லது. ஒரு படத்துலயும் நான் கண்ணத் தொறக்கல. நான் சொல்லச் சொல்ல நீங்க அமுக்குங்க, மாத்திடலாம்."

இங்கிலீஷ் எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரியும். அவள் சொன்ன இடத்தில் ஐந்தை முப்பதாக்கினேன். பத்தாம் நிமிடம் படம் வந்தது, மகனின் மோட்டார் சைக்கிள். இரண்டாவதும் அதுவே, மறுபக்கத்திலிருந்து. ஐந்தாவதில் அவள், மாலையோடு, சொன்ன சொல் தவறாமல் கண்ணை மூடிக்கொண்டு.

மாநிறம்தான். உயரம் மட்டும் என் மகனைவிட அரைச் சாண் அதிகம். பரவாயில்லை. ஓரகத்தி கேட்டால், நடுத்தரம் என்று நான் சொன்னது மகனைத்தான் என்று சொல்லிக்கொள்ளலாம்.