முதுகில் ஒரு பெருவிரல் ரேகை

எனக்குக் கதை கட்டத் தெரியாது. பிளாஸ்டிக் பொம்மைகளை ஒட்டி வண்ணம் அடிக்கத்தான் தெரியும். நம்பாதவர்கள் ஷிசுவோகாவுக்கு வந்தால் அந்தப் பொம்மையையே கையில் கொடுக்கிறேன். பூதக்கண்ணாடியும் தருகிறேன். பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

அந்த வருடம் ஜூன் மாதம், நானும் தமாகியும் சேர்ந்து ஒரு ரயில் நிலையம் செய்துகொண்டிருந்தோம். நவம்பரில் எங்கள் சங்கத்தின் கண்காட்சி. தமாகி பள்ளிக்கூடத்திலிருந்தே என் தோழி. இருந்த ஒரே தோழி. இந்த ஓரியேவின் வாய்க்கும் சந்தேக புத்திக்கும் வேறு யாரும் தாக்குப்பிடித்ததில்லை. நடைமேடையில் ஐந்து பேர், ஒவ்வொருவரும் உள்ளங்கை உயரம். நான்கு பேர் முடிந்திருந்தார்கள். ஐந்தாவது, மழைக்கோட்டு போட்ட ஒரு பெண். கோட்டுக்கு மஞ்சள்தான் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். கண்ணைக் குத்தும், நீலம் அடி என்று தமாகி ஒரு வாரம் முறுக்கிக்கொண்டிருந்தாள்.

மழைக்காலத்தில் வீட்டில் பெயிண்ட் அடித்தால் ஈரக்காற்று பட்டு வெளுத்துப்போகும். அதனால் மொச்சிஸுகி ஐயாவின் கடைக்குப் போவோம். கீழே பொம்மைக் கடை. மாடியில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் தடுப்பறைகள், காற்றை வெளியே இழுக்கும் விசிறிகள், சாமான் வைக்கப் பூட்டுப் பெட்டிகள். எங்கள் பெட்டி ஆறாம் எண். சாவி இரண்டே இரண்டு. ஒன்று என்னிடம், ஒன்று தமாகியிடம். தேயிலை ஆலையில் எனக்குப் புதன்கிழமை விடுமுறை. அவள் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளி, ஹமமட்சுவில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்த்தாள். அவளுக்கு ஞாயிறு.

ஜூன் 5, புதன். மஞ்சள் அவ்வளவு சீக்கிரம் ஏறாது. நான்கு பூச்சு மெல்லிசாக அடித்து, பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

ஜூன் 12. பகல் 2.10. பெட்டியைத் திறந்தேன். கோட்டின் முதுகில் ஒரு பெருவிரல் ரேகை. ஈரத்தில் தொட்டால்தான் அப்படிப் பதியும். இந்தப் பெயிண்ட் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். ஆக, நான் கிளம்பிய உடனே யாரோ வந்து தொட்டிருக்கிறார்கள். வேறு யார்? சாவி யாரிடம் இருக்கிறதோ அவள்தான்.

உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி நான்கு பூச்சு அடித்தேன். இந்த முறை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து காயவிட்டேன். நகத்தால் தட்டியும் பார்த்தேன். பூட்டியபின், என் தலைமுடி ஒன்றைக் கதவின் குறுக்கே ஒட்டிவைத்தேன். சிரிக்காதீர்கள். நான் அப்படித்தான்.

ஜூன் 19. பகல் 3.30. வெளியே மழை. முடி ஒட்டியபடியே இருந்தது.

உள்ளே, அதே இடத்தில், அதே ரேகை.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ரேகையின் குறுக்கே சாய்வாக ஒரு தழும்பு. அதன் நுனி இரண்டாகப் பிரிந்திருந்தது. கத்தி கிழித்த தழும்பு. முடியைப் பிய்த்துத் திரும்ப ஒட்டியிருக்கிறாள், கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

3.40. அடுத்த தடுப்பில் சத்தம்.

டிக்... டிக்... டிக்...

தூரிகையைக் கழுவி, கண்ணாடிக் குப்பியின் விளிம்பில் தட்டும் சத்தம். மூன்று தட்டு. தமாகி எப்போதும் மூன்றுதான் தட்டுவாள்.

மாட்டினாய் என்று சிரித்துக்கொண்டே, ரேகைமேல் விரலைக் கொண்டுபோனேன்.

"தொடாதடி. இன்னும் காயல."

தமாகியின் குரல்.

எழுந்து போய்ப் பார்த்தேன். விசிறி ஓடிக்கொண்டிருந்தது... ஆள் இல்லை.

திரும்பி வந்தேன். ரேகையின் ஓரத்தைத் தொட்டேன்.

விரல் மஞ்சளானது.

ஒரு வாரம் ஆன பெயிண்ட்... ஈரம்.

படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. மொச்சிஸுகி ஐயா மீன்வடை தின்றுகொண்டிருந்தார். இன்று மாடிக்கு என்னைத் தவிர யாரும் போகவில்லை என்று சத்தியம் செய்தார். இவரும் கூட்டு என்று பட்டது. 3.46க்கு ஹமமட்சுவுக்குப் போன் செய்தேன். மருத்துவமனை எண்ணில் தமாகியே எடுத்தாள். குரல் கேட்டதும் வைத்துவிட்டேன்.

ஆனாலும் என் புத்தி அடங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளைக் கடைக்கு வரச்சொல்லி, பொம்மையின் இடுக்குகளை அடைக்கும் புட்டி மாவில் ஒரு உருண்டையை மேஜையில் வைத்துப் பெருவிரலை அழுத்தச் சொன்னேன். துப்பறியும் சிங்கம் கிளம்பிடுச்சு என்று முதலில் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அழுத்தினாள்.

தழும்பு இல்லை.

அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் கேட்டது வேறு.

"சாவிய யாருகிட்டக் குடுத்தே?"

அவள் கண் கலங்கிவிட்டது. தன் சாவியை எடுத்துப் புட்டி மாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"முப்பது வருஷம்டி, ஓரியே. பரவால்ல. உன் பொம்மைய நீயே வெச்சுக்கோ."

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. வீம்பு. நான்கு மாதம் ஓடியது.

அக்டோபர் 14, காலை. அவள் கணவர் ஷோகோ போன் செய்தார். சைக்கிளில் போனவளை லாரி அடித்துவிட்டது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

இறுதிச் சடங்கு 16ஆம் தேதி, பகல் பதினொரு மணிக்கு. சவப்பெட்டியில் பூ வைக்கக் குனிந்தேன். ஜெபமாலை சுற்றி, கைகளைக் கோத்து வைத்திருந்தார்கள்.

வலது பெருவிரலில் ஒரு தழும்பு.

சாய்வாக.

நுனியில் இரண்டாகப் பிரிந்து...

நிமிர்ந்து ஷோகோவைத் தேடிப் போனேன். அவள் விரலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"ஆகஸ்ட் பதினொண்ணாந்தேதி கத்தி கிழிச்சிடுச்சுங்க. ஆறு தையல். உங்களுக்காகத்தான் ஒரு பொம்மைத் தலை செதுக்கிட்டு இருந்தா. அஞ்சாவது பொம்மைக்கு நீங்க முகம் சரியாப் பண்ண மாட்டீங்களாம். அதக் குடுத்துட்டுப் பேசிடலாம்னு இருந்தா."

வீட்டுக்கு வந்து, இறுகிப்போன அந்தப் புட்டி மாவையும் பொம்மையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விடியும்வரை ரேகைகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். தழும்பைத் தவிர எல்லாம் ஒன்றுதான். என் பெட்டியைத் திறந்தது தமாகிதான். ஆனால் ஜூன் மாதத்தில் அவள் விரலில் அந்தத் தழும்பு கிடையாது.

நான்கு மாதமாக அவளிடம் கேட்காத மன்னிப்பை இப்போது எதற்கென்று கேட்பேன்? வீண்பழி போட்டுவிட்டேன் என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை.