பேட்டரி போட்ட சிலந்தி

நான் என் மகளை ஏமாற்றினேன். அவளுடைய மாமியாரையும் ஏமாற்றினேன். இரண்டும் ஒரு சிலந்திக்காக!

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். மயிலாப்பூரில் வெங்காயத்தைக்கூட நாள் கிழமை பார்த்துச் சேர்க்கிற வீடு எங்களுடையது. பிரகாரத்தில் எறும்பை மிதித்துவிடக் கூடாதென்று குனிந்து நடப்பவள் நான். அப்படிப்பட்டவள், உள்ளங்கை அகலத்துக்கு ரோமம் அடர்ந்த ஒரு டாரண்டுலாவுக்காகப் பெற்ற பெண்ணிடம் பொய் சொன்னேன் என்றால்… எனக்கே நம்ப முடியவில்லை.

அதைக் கொண்டுவந்தவள் என் மகள் வித்யாதான். வெளிநாடு போன தோழி விட்டுச் சென்றதாம். பட்டு என்று பெயரும் வைத்தாள். நான் அலறிய அலறலில் என் கணவர் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார்.

"கத்தாதேம்மா! அவ பரம சாது. நீதான் அவளைப் பயமுறுத்தற!"

வித்யா அலுவலகம் போகிற பெண். பகலெல்லாம் பட்டுவும் நானும்தான். பயம் எத்தனை நாள் தாங்கும் சொல்லுங்கள்? பிளாஸ்டிக் டப்பாவில் அது ஒடுங்கிக் கிடந்ததைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பாவமாயிற்று. நானே அதற்கு ஒரு வீடு கட்டத் துணிந்தேன்.

எனக்குக் கட்டத் தெரிந்தது கொலுப் பூங்கா ஒன்றுதானே! பழைய மீன்தொட்டியில் மண் பரப்பினேன். வெந்தயம் தூவி முளைக்கவிட்டேன். கண்ணாடித் துண்டு வைத்துக் குளம், மூங்கில் குச்சியில் ஊஞ்சல், மேலே சீரியல் விளக்கு, படுத்துக்கொள்ளப் பஞ்சு… ஒரு குறை வைக்கவில்லை. பட்டுவோ கால்களை முகத்தின்மேல் மடக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டது. மாலையில் வந்த வித்யா தலையில் அடித்துக்கொண்டாள்.

"லைட்டா? ஊஞ்சலா? அம்மா, அவளுக்கு இருட்டுதான் சௌக்கியம். உயரத்துலேர்ந்து விழுந்தா வயிறு கிழிஞ்சுடும்மா!"

வயிறு கிழிந்துவிடுமா! ஐயோ… அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே அத்தனையையும் அகற்றினேன். தேங்காய் நார்த்தூளை நனைத்துப் பிழிந்து, தொட்டியில் ஆழமாக அமுக்கினேன். பாதிக் கொட்டாங்கச்சியைச் சாய்த்துப் பதித்துக் குகை செய்தேன். குடிக்க அகல் விளக்கில் தண்ணீர். காற்றுக்கு மூடியில் துளைகள். ஓர் ஆசைக்காகச் செட்டியார் பொம்மையையும் அவருடைய மளிகைக் கடையையும் மட்டும் விட்டுவைத்தேன். பட்டு மெல்ல இறங்கியது. முன்காலால் மண்ணைத் தட்டிப் பார்த்தது. பிறகு கொட்டாங்கச்சிக்குள் நுழைந்து, காலை நீட்டிப் படுத்தது. என் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது!

அது என்ன சாப்பிடும் என்று மட்டும் கேட்காதீர்கள்… சுவர்க்கோழிப் பூச்சிகள். உயிரோடு! "கபாலீசுவரா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்" என்று வேண்டிக்கொண்டு நானே போடுவேன்.

இப்படியிருக்க, வித்யா விரும்பிய பையனின் தாயார் நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். பெயர் பார்வதி. திருநெல்வேலிக்காரர். தியாகராய நகரில் ஜவுளிக்கடை, கொட்டிவாக்கத்தில் வீடு. திருமணமே அவர் ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. "பட்டுவும் என்னோட வரலாமான்னு நீயே பக்குவமா கேட்டுடும்மா" என்று வித்யா என்னை நம்பி ஒப்படைத்திருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? தொட்டியைத் தூக்கிக் கொலுப்படியின் ஓரத்தில், பூங்காவோடு பூங்காவாக வைத்துவிட்டேன்! பகலில் அது குகையை விட்டு வராது. முதலில் பூங்காவைப் புகழட்டும், பிறகு மெல்ல உள்ளே இருப்பவளைப் பற்றிச் சொல்லலாம்… என் சாமர்த்தியம் அப்படி!

பார்வதி வந்தார். பாயில் அமர்ந்தார். பட்டுவும் வந்தது! நேரே போய்ச் செட்டியாரின் அரிசிக் கூடைமேல் ஏறிக்கொண்டது.

"மாமி! இது என்ன பொம்மை? அச்சு அசலா உசுரோட இருக்க மாதிரில்லா இருக்கு! எங்க வாங்குனிய?"

"வடக்கு மாட வீதியிலே…"

பட்டு ஒரு காலைத் தூக்கியது.

"யாத்தே, அசையுதே!"

"பேட்டரி" என்றேன்.

"பட்டன் எங்கன இருக்கு?" அவர் கை மூடியை நோக்கி நீண்டது.

"தொடாதீங்கோ! ஷாக் அடிக்கும்!"

சமையலறையில் சுண்டல் எடுத்துக்கொண்டிருந்த வித்யாவுக்கு இது எதுவும் கேட்கவில்லை. தாம்பூலம் வாங்கிக்கொண்டு, "நல்ல நாளாப் பாத்துச் சொல்லுதேன்" என்று பார்வதி சிரித்த முகமாகக் கிளம்பினார். பேட்டரி என்று சொன்ன வாயால் உயிருள்ளது என்று எப்படிச் சொல்வேன்? அவர் தலை மறைந்ததும் வித்யா ஓடிவந்தாள்.

"பட்டு பத்தி என்னம்மா சொன்னா?"

"கூடவே கூடாதுன்னுட்டா. இனிமே அந்தப் பேச்சை அங்கே எடுக்காதே. அவனையும் எடுக்க விடாதே. சம்பந்தமே கெட்டுடும்."

அவள் அழுதாள். நான் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

பயத்தில் சொன்னதுதான், பெண்ணின் வாழ்வுக்காகச் சொன்னதுதான் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்தேன். உண்மை அதுதானா? வித்யா போய்விட்டால் எனக்கு இந்த வீட்டில் யார்? இவர் இருக்கிறார், தொலைக்காட்சிக்கு எதிரே. பட்டுவும் போய்விட்டால்? அந்த எண்ணம் எனக்கு அப்போதே இருந்தது. இருந்தது! மறுக்க மாட்டேன்.

திருமணம் முடிந்தது. பட்டு என்னிடமே தங்கிவிட்டது. இன்னும் பெரிய தொட்டி வாங்கினேன். ஒருநாள் அது மல்லாந்து கிடந்ததைக் கண்டு, செத்துவிட்டதென்று ஓவென்று அழுதேன். கடைசியில் பார்த்தால் தோலுரித்திருக்கிறது! பழைய தோலைத் தள்ளிவிட்டு, புதுப்புடவை கட்டிய மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்தது. அன்று சர்க்கரைப் பொங்கல் செய்தேன்.

சென்ற மாதம் பார்வதி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். கொலு இல்லை, படி இல்லை. கூடத்தில் தொட்டி. உள்ளே பட்டு சுவர்க்கோழியைத் தின்றுகொண்டிருந்தது. பேட்டரி தின்னுமா?

மானம் போயிற்று என்று நினைத்தேன். "வித்யாவோடது" என்று உளறிவிட்டேன். அவரோ வயிறு குலுங்கச் சிரித்தார்!

"உசுருள்ளதா இது! ஏன் மாமி, அன்னைக்கே சொல்லக் கூடாதா? எங்க ஊரு வீட்டு மச்சுல பெரிய பெரிய சிலந்தியெல்லாம் ஓடும். வித்யா வளத்ததா? குடுங்க, இப்பமே கார்ல வச்சுக் கொண்டுபோறேன்." பிறகு அவர் குரல் தாழ்ந்தது. "அவ எங்கிட்ட முகங்குடுத்தே பேச மாட்டேங்கா மாமி. நான் என்ன தப்பு செஞ்சேன்னே தெரியல. இதக் கொண்டுபோனா சந்தோசப்படுவால்லா?"

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கடவுளே கதவைத் திறந்துவிட்டுக் காத்திருக்கிறார். "ஆகட்டும்" என்று ஒரு சொல் போதும். என் மகளின் மனக்கசப்பு அன்றோடு தீர்ந்திருக்கும். பார்வதியின் கை தொட்டியின் விளிம்பைப் பற்றியிருந்தது. நான் பட்டுவைப் பார்த்தேன்…

"வேண்டாம் சம்பந்தி. அவளுக்கு இப்பல்லாம் இதைக் கண்டாலே அருவருப்பு. பேச்சை எடுத்தாலே கோபம் வரது. அவகிட்ட ஒண்ணும் கேட்டுடாதீங்கோ."

சொல்லியே விட்டேன்! அவர் கையை எடுத்துக்கொண்டார். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மாடிப்படி இறங்கும்போது ஒருமுறை நின்றார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஆக, மாமியார் இனி மருமகளைக் கேட்க மாட்டார். மருமகளும் மாமியாரைக் கேட்க மாட்டாள். பெண் டாரண்டுலா இருபது வருடம்கூட உயிரோடு இருக்குமாம். படித்ததும் எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சிதான்… வெட்கம் பிறகுதான் வந்தது.

நேற்று வித்யா வந்திருந்தாள். தொட்டிமுன் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"பூச்சி பிடிச்சுப் போட்டு, மண்ணை மாத்தி… எனக்காக நீ எவ்வளவு கஷ்டப்படறேம்மா! உன் மனசுல பாதி என் மாமியாருக்கு இருந்திருந்தா…"

அப்போதாவது வாயைத் திறந்தேனா என்று கேட்கிறீர்கள். திறந்தேன்.

"பெரியவா அப்படி இப்படித்தான் இருப்பா. நீதான் அனுசரிச்சுண்டு போகணும்" என்று அவளுக்குப் புத்தி சொன்னேன்.