சிக் ரூம் வாசலில் கோலம்

பீர்க்கன்கரணை ஏரிக்கு இந்தப் பக்கம் ஒரு இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல். அதில் நான் வாட்ச்மேன். என் சம்சாரம் அங்கேயே ஆயா. கேட்டை ஒட்டி ஒரு ரூம் கொடுத்திருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் பொண்ணும் அதில்தான் இருந்தோம். பொண்ணு அதே ஸ்கூலில் ஒன்பதாவது. நாங்கள் வேலை செய்வதால் அவளுக்கு ஃபீஸ் கிடையாது.

ஸ்கூலுக்கு எட்டாவது வரைக்கும்தான் அங்கீகாரம். பத்தாவதுக்கும் வாங்கினால்தான் அவள் கிளாஸ் அங்கேயிருந்து பப்ளிக் பரீட்சை எழுதலாம். இல்லையென்றால் எல்லோரும் வேறு ஸ்கூல் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஃபீஸ் இல்லாமல் எங்களை யார் சேர்ப்பார்கள்?

எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று ஒருத்தர் வந்து சொல்ல வேண்டும். தீயணைப்பிலிருந்து ஒருத்தர். குடிக்கிற தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். லேப், லைப்ரரி, பெண் பிள்ளைகளுக்குத் தனி பாத்ரூம். ஒவ்வொன்றாக முடிந்தது. கடைசியில், உடம்பு முடியாத பிள்ளைகள் படுக்க ஒரு சிக் ரூம் வேண்டும் என்றார்கள். புதிதாகக் கட்ட இடம் இல்லை.

ஸ்கூல் நடத்துகிற கரஸ்பாண்டன்ட் சார் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷன். உட்காரச் சொன்னார். அப்போதே தெரிந்துவிட்டது.

"உன் பொண்ணுக்காகவும்தான்யா ரூமைக் கேக்கறேன்" என்றார்.

"சரி சார்" என்றேன். வேறு என்ன சொல்வது?

ரூமை எப்போது திருப்பித் தருவார்கள் என்று சம்சாரம் கேட்டாள். அதைக் கேட்கவில்லை என்றேன்.

"நீ இன்னாத்தத்தான் கேட்ட?" என்றாள். அதோடு விட்டாள்.

கோவிலம்பாக்கத்தில் அவள் அக்கா வீடு. சாமான்களை அங்கே கொண்டுபோனோம். எங்கள் இரும்புக் கட்டிலை மட்டும் சார் இருக்கட்டும் என்றார். அதற்கு வெள்ளை பெயின்ட் அடித்தார்கள். சாமி படம் மாட்டியிருந்த ஆணியில் கண் டெஸ்ட் பண்ணுகிற சார்ட்டை மாட்டினார்கள்.

ஆபீசர்கள் வருகிற அன்றைக்கு சம்சாரம் முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். எல்லா இடமும் பெருக்கினாள். தண்ணீர் தெளித்தாள். சிக் ரூம் வாசலில் கோலம் போட்டாள். தினமும் போட்ட வாசல். அவளுக்கே தெரியவில்லை. எனக்கும் கண்ணில் படவில்லை.

ஒரு மேடமும் ஒரு சாரும் வந்தார்கள். எல்லாம் பார்த்துவிட்டு மேடம் அங்கே வந்து நின்றார்.

"சிக் ரூம்ல யாரு கோலம் போட்டது?"

"உங்களை வரவேற்கத்தான் மேடம்" என்றார் கரஸ்பாண்டன்ட் சார்.

"கேட்ல போடல. ஆபீஸ் முன்னாடி போடல. இங்க வச்சு வரவேற்கறீங்களா?"

சம்சாரம் துடைப்பத்தோடு தூண் ஓரமாக நின்றாள். மேடம் என்னைப் பார்த்து எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"கோவிலம்பாக்கம் மேடம்."

பொய் இல்லை. அந்த வாரத்திலிருந்து அங்கேதான்.

"கோவிலம்பாக்கத்துலேர்ந்து வந்து இங்க ராத்திரி காவலா? நல்ல வாட்ச்மேன்தான்" என்று கூட வந்த சார் சிரித்தார். கரஸ்பாண்டன்ட் சாரும் கொஞ்சம் லேட்டாகச் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. கட்டிலைக் கையால் அழுத்திப் பார்த்தார். என் சம்சாரத்தைப் பார்த்தார். ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு சம்சாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு கோலத்தால் பொண்ணு படிப்பு போய்விடுமோ என்று இரண்டு பேருக்கும் பயம். "கை தானா போயிடுச்சு" என்பாள்.

படிப்பு போகவில்லை. பத்தாவது வரைக்கும் அங்கீகாரம் வந்தது. எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். கரஸ்பாண்டன்ட் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆர்டரில் ஒரு வரி இருக்கிறது என்றார். சிக் ரூம் சிக் ரூமாகவே இருக்க வேண்டும். யாரும் தங்கக் கூடாது. சொல்லாமல் வந்து பார்ப்பார்களாம்.

"கொஞ்ச நாள் போனா உன்னயே திரும்ப அந்த ரூம்ல வச்சிக்கலாம்னு இருந்தேன். இனிமே முடியாதுய்யா."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவரை என்ன சொல்வது? அந்த மேடத்தைத்தான் என்ன சொல்வது? பிள்ளைகளுக்காக வைத்த சட்டம். என் பிள்ளையும் அதில் ஒன்று.

இப்போது ராத்திரியும் எனக்கு கேட் நாற்காலிதான். அவர்கள் இரண்டு பேரும் காலையில் கோவிலம்பாக்கத்திலிருந்து தாம்பரம் வந்து பஸ் மாறி வருகிறார்கள். பொண்ணு பத்தாவது.

போன வாரம் அவளுக்குக் காய்ச்சல். சிக் ரூமில் போய்ப் படு என்று டீச்சர் அனுப்பியிருக்கிறார். இவள் கேட்டுக்கு வந்துவிட்டாள். நெற்றியைத் தொட்டேன். சுட்டது. கொஞ்ச நேரம் போய்ப் படும்மா என்றேன்.

"அது நம்ம கட்டில்னு கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும்ப்பா."

என் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். பெல் அடித்தது. எழுந்து கிளாசுக்குப் போனாள்.