கொலைகாரன் யாரென்று நான் சொல்லிவிட்ட நாள்

போன வருடம் மலேசியாவின் கூலாயில் உள்ள ஒரு சிறுநீரக நோயாளிகளுக்கான ரத்தச் சுத்திகரிப்பு மையத்தில், என் பக்கத்து நாற்காலியில் சாய்ந்திருந்த ஒரு பெண்மணிக்கு நான் தவறு செய்தேன். ஒரு நாவல் என்னை ஏமாற்றிய கோபத்தை அவர்மேல் காட்டினேன்.

எங்கள் இருவருக்கும் ஒரே நாள், ஒரே நேரம். ஒரு கையில் ஊசி குத்தியிருக்கும். இயந்திரம் வேலையை முடிக்கும்வரை அசையாமல் கிடக்கவேண்டும். அவர் செனாய் தொழிற்சாலை ஒன்றின் கேன்டீனில் சமைத்தவர். நான் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். என்னிடம் எப்போதும் ஓர் ஆங்கிலப் புத்தகம் இருக்கும்.

"என்ன அங்கிள், நீங்க மட்டும் படிச்சுக்கிட்டே இருக்கீங்க? எங்களுக்கும் சொன்னா என்னவாம்?" என்றார் ஒருநாள்.

அப்போது என் கையில் இருந்தது, எல்லோரும் பேசிக்கொண்டிருந்த ஒரு திகில் நாவல். சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகள் வாங்கி வந்தது. ஒரு தீவு, ஒரு விடுதி, ஒரு கொலை. அன்றிலிருந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். ஊசி குத்தும்போதே, "ம்ம், ஆரம்பிங்க" என்பார்.

கடைசிப் பகுதியை வீட்டில் முன்னதாகவே படித்தேன். அதுவரை தலையே காட்டாத ஒருவன், விடுதி டாக்டரின் இரட்டைச் சகோதரன், கடைசியில் வந்து நான்தான் கொன்றேன் என்கிறான். இதற்கா இத்தனை பேச்சு என்று எரிச்சலாக வந்தது.

அடுத்த முறை அவர் ஆசையாகக் கேட்டார். "எனக்கு அந்த மேனேஜர் மேலதான் சந்தேகம் லா. அவன்தானே?"

"டாக்டருக்கு ஒரு இரட்டைத் தம்பி. அவன்தான் கொன்னான். சுத்தக் குப்பை. இதுக்குமேல சொல்ல ஒண்ணுமில்ல."

"ஓ" என்றார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதற்கடுத்த முறை அவர் நாற்காலி காலியாக இருந்தது. தாதியிடம் விசாரித்தேன். "முன்னெல்லாம் இப்படித்தான் அங்கிள், அடிக்கடி வராம இருந்துடுவாங்க. ஒரு தடவை அதனாலேயே மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. உங்க கதை ஆரம்பிச்சதுலேருந்துதான் ஒழுங்கா வந்தாங்க" என்றார்.

தாதியை அவருக்கு ஃபோன் போடச் சொல்லி, நான் வாங்கிப் பேசினேன். "அன்னிக்கு நான் சொன்னது தப்பும்மா. கொலைகாரன் வேற ஆள்."

"யாரு?"

"வாங்க, சொல்றேன்."

பொய்தான். வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை.

மறுநாள் வந்தார். அது எனக்கு முறையில்லாத நாள். இருந்தும் போய்ப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். நானே யோசித்துவைத்த முடிவைச் சொன்னேன். என் கதையில் கொலைகாரன், விடுதியில் தங்கியிருந்த வக்கீல். பாதியிலேயே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அலமாக், அங்கிள்! இந்த வக்கீலுக்குக் கொல்ல என்ன அவசியம்? நீங்களா கட்டுறீங்க. உங்க கொலைகாரன் ரொம்ப நல்லவனா இருக்கான் லா!"

ஒப்புக்கொண்டேன். அன்று அப்படிப் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டேன். "சரி, அந்தக் குப்பையையே சொல்லுங்க. அவசரப்படாம" என்றார்.

சொன்னேன். மழை, அணைந்துபோன விளக்கு, கதவைத் தட்டும் சத்தம், ஒன்றையும் விடவில்லை. கதவு திறந்து, ஒரே முகத்தோடு இருவர் நின்ற இடத்தில், முடிவு முன்பே தெரிந்த அந்தப் பெண்மணி சட்டென்று மூச்சை உள்ளே இழுத்தார். எதிர் நாற்காலிக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். இயந்திரத்தைத் தொட வந்த தாதியின் கை அப்படியே நின்றது.

அதன்பிறகு அவர் ஒருநாளும் வராமல் இருந்ததில்லை. அடுத்த நாவலையும் சொல்லச் சொல்லி அவரே கேட்டார். அந்த முடிவு மட்டமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் எந்தக் கதையின் கடைசிப் பக்கத்தையும் இப்போது நான் வீட்டில் தனியாகப் படிப்பதில்லை.