அக்கா ஏற்றிய பீரோ

எங்கள் ஆபீசில் ஜூனியர் என்றால் நான். ஜூனியர் அக்கா என்றால் அவர்.

எனக்கு இருபத்திமூன்று வயது, அவருக்கு முப்பத்தொன்பது. நான் சேர்ந்து ஆறு மாதம் கழித்துத்தான் அவர் சேர்ந்தார் என்பதால் கணக்குப்படி நான்தான் மூத்தவன். அதை அவர் ஒருநாளும் மறக்கவிட்டதில்லை.

"என்ன சீனியர், சாப்பிட்டாச்சா?"

"அக்கா, எல்லாரும் பார்க்கிறாங்க. தம்பின்னு கூப்பிடுங்க."

"மேலதிகாரியைத் தம்பின்னு கூப்பிட்டா வேலை போயிடும்பா. நான் பிள்ளைக்குட்டிக்காரி."

நாங்கள் செய்வது மோஷன் டிசைன். அசையாத படத்தை அசைய வைக்கிற வேலை. விளம்பரத்தில் எழுத்து ஓடிவந்து நிற்பது, பொம்மை கையாட்டுவது, டப்பா தானாகத் திறந்து மூடுவது எல்லாம் எங்கள் கைவரிசை. வேலை கிடைத்த புதிதில் அம்மாவுக்கு இதை விளக்க முயன்றேன். "பொம்மையை ஆட்டி வைக்கிறதுக்கா உனக்கு மாசாமாசம் சம்பளம் தர்றாங்க? மகராசனா இருக்கட்டும்" என்று முதலாளியை வாழ்த்திவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கியவன் நான்தான். அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். பட்டமளிப்பு அன்று என் கருப்பு அங்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பாரம் தூக்குறது என்னோட முடிஞ்சுதுடா" என்றார். அதனால் ஆபீசில் எனக்குக் கொடுத்த சக்கர நாற்காலியை நான் சிம்மாசனம் மாதிரிதான் பார்த்தேன். காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுவேன். உட்கார்ந்து வேலை பார்ப்பதற்குத்தானே இவ்வளவு படித்தது என்று நினைப்பு.

அக்கா நேர் எதிர். அவருக்கு நாற்காலி, பையை வைப்பதற்கு.

பதினைந்து வருடம் வீட்டில் உட்கார்ந்து கல்யாண வீடியோ வெட்டி ஒட்டியவர். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுவாங்க. அந்த ஆயிரத்தையும் மூணு மணி நேரத்துக்குள்ள அடக்குறவ நான்" என்பார். எல்லார் கையிலும் போன் வந்தபிறகு அந்த வேலை வற்றிப் போனது. மகள் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் மகளுடைய கம்ப்யூட்டரில் அனிமேஷனைத் தானே கற்றுக்கொண்டு, எங்கள் ஆபீஸ் வைத்த தேர்வில் தேறி, மூன்று மாதத் தற்காலிக வேலையில் சேர்ந்தார். மூன்றாம் மாத முடிவில் எங்கள் டீமின் லீட் சரி என்றால் நிரந்தரம். இல்லையென்றால் வீடு.

"இதை விட்டா நாப்பது வயசுல என்னை ஜூனியரா எடுக்க எவன் இருக்கான்?" என்று ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டீயைக் கடைசிவரை குடிக்கவில்லை.

அவருடைய பழக்கம் ஒன்று ஆபீஸ் முழுக்கப் பிரசித்தம். எதை அசைய வைக்க வேண்டுமோ, அதை முதலில் தானே செய்து பார்ப்பார். பொம்மை குதிக்க வேண்டுமென்றால் இவர் குதிப்பார். கதவு திறக்க வேண்டுமென்றால் கதவாகவே மாறிக் கையை விரித்துக்கொண்டு நிற்பார். அதைப் போனில் வீடியோ எடுத்து, கம்ப்யூட்டரில் பொம்மைக்கு அடியில் ஒரு லேயராக வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்துப் பொம்மையை நகர்த்துவார். வேலை முடிந்ததும் அந்த வீடியோவை எடுத்துவிட வேண்டும். பின்னால் இருந்த டிசைனர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அவர் பொம்மை குதித்தால் தரை இருப்பது தெரியும். என் பொம்மை குதித்தால் பலூன் மாதிரி இறங்கும்.

மூன்றாம் மாதத்தில்தான் வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனி ஒன்றின் விளம்பரம் வந்தது. இரண்டு பொம்மைகள் ஒரு பீரோவை மாடிப்படியில் ஏற்ற வேண்டும். கடைசியில் கம்பெனியின் போன் நம்பர் வரும். லீட் அதை அக்காவிடம் கொடுத்து, "இதைப் பார்த்துட்டுத்தான் உங்க விஷயத்தை முடிவு பண்ணப் போறேன்க்கா" என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். லீடுக்கு இருபத்தெட்டு வயது. தாடிதான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

அக்கா வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரைப் பிடித்தார். அவர் பார்சல் வண்டி ஓட்டுகிறவர், பொறுமைசாலி. இருவரும் சொந்த பீரோவையே மாடிப்படியில் தூக்கி ஏற்றினார்கள். மகள் போனில் எடுத்தாள். அதை அடியில் வைத்து அக்கா பொம்மைகளை ஏற்றினார். அற்புதமாக வந்தது. லீட் தாடியைத் தடவினார். அது அவருடைய கைதட்டல்.

கம்பெனிக்காரர் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு. என்னமோ ஒண்ணு உறுத்துது, என்னன்னு சொல்லத் தெரியல. அது இருக்கட்டும், போன் நம்பர் இன்னும் ரெண்டு செகண்ட் நிக்கட்டும்" என்றார்.

இந்த இரண்டு செகண்டில்தான் வினை. அக்கா தன் மாடிப்படி வீடியோவை அழிக்காமல், கைக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று விளம்பரம் முடிகிற நொடிக்கு அப்பால் தள்ளி வைத்திருந்தார். எங்கள் தொழிலில் பாதிப்பேர் இப்படித்தான், வீட்டுக்கு ஆள் வரும்போது அழுக்குத்துணியைக் கட்டிலுக்கடியில் தள்ளுகிற மாதிரி. இப்போது விளம்பரத்தை இரண்டு செகண்ட் நீட்டினார். நம்பரை நீட்டினார். நம்பருக்குப் பின்னால் இருந்த நீலத் திரையை நீட்ட மறந்துவிட்டார். ரெண்டு செகண்டுதானே என்று, ஓட்டிப் பார்க்காமலே அனுப்பியும்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் லீடின் போன் அடித்தது. எதிர்முனையின் குரல் எங்கள் மேசைவரை கேட்டது.

"ஏங்க, நான் வீடு மாத்துற கம்பெனி நடத்துறனா, எலும்பு முறிவு வைத்தியம் பார்க்குறனா?"

லீட் விளம்பரத்தைத் திறந்தார். பொம்மைகள் அழகாக ஏறின. இசை முடிந்தது. நம்பர் வந்தது. அப்புறம் நீலம் போய், அக்கா வீட்டு மாடிப்படி வந்தது. பனியனோடு அவர் வீட்டுக்காரர், முகத்துக்குக் குறுக்கே கொட்டை எழுத்தில் கம்பெனியின் போன் நம்பர், காதைப் பிளக்கும் ஒரு கத்தல்:

"ஐயோ, என் குதிகால் போச்சுடி!"

முடிந்தது விளம்பரம்.

யாராவது சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா எழுந்து நின்றார். முகம் வெளுத்துவிட்டது.

"அவர் நேர்ல வர்றாராம்" என்றார் லீட். "இதை உங்ககிட்ட குடுத்தது நான்தானேக்கா. நான் பேசிக்கிறேன், நீங்க உள்ளே இருங்க."

"தப்புப் பண்ணினது நான். உள்ளே இருந்தா திருட்டுப் பூனை மாதிரி இருக்கும்."

கம்பெனிக்காரர் வந்தார். தொப்பையும் மூச்சிரைப்புமாகப் பெரிய உருவம். நாற்காலியில் உட்காரவில்லை. "யாரு அந்த ஆளு?" என்பதுதான் முதல் கேள்வி.

"என் வீட்டுக்காரருங்க. கீழ நிக்கிறது நான். பார்த்துச் செய்யறதுக்காக எடுத்தது. எடுத்துவிட மறந்துட்டேன், மன்னிச்சிடுங்க. ஆபீஸ் மேல தப்பில்ல."

"கால் எப்படி இருக்கு?"

அக்கா இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "வீக்கம் வடிஞ்சிடுச்சுங்க."

"வடியும். ஏன் அடிபட்டுதுன்னு தெரியுமா? முழு வீடியோ இருக்கா? போடுங்க."

போட்டோம். அக்காவின் வீட்டுக்காரர் மேலே முன்னால் பார்த்தபடி, கையைப் பின்னால் நீட்டி பீரோவைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார். பீரோ நெட்டுக்குத்தலாக நிற்கிறது. கம்பெனிக்காரர் பாதியிலேயே தலையில் அடித்துக்கொண்டார்.

"எவனாவது பீரோவுக்கு முதுகைக் காட்டிட்டு ஏறுவானா? மேல இருக்கிறவன் பீரோவைப் பார்த்தபடி பின்னால காலெடுத்து ஏறணும். பீரோவைச் சாய்க்கணும். பாரம் கீழ இருக்கிறவன் நெஞ்சுல வந்து உக்காரணும். உங்க பொம்மையும் இந்தத் தப்பையே பண்ணுது! அதான் நாலு நாளா எனக்கு உறுத்திட்டே இருந்தது. இதைப் போட்டா ஊர்ல இருக்கிற மத்த கம்பெனிக்காரனெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பான்."

லீட் மெல்ல, "அப்படி ஏறினா மேல இருக்கிற பொம்மையோட முகம் தெரியாதேங்க" என்றார்.

"வீடு மாத்துறவனுக்கு என்கிட்ட வேலை செய்யற பையனோட முகம் எதுக்குய்யா? அவன் பீரோவோட முகம் நசுங்கக் கூடாது, அவ்வளவுதான்."

அக்கா அதுவரை பயந்து நின்றவர், சட்டென்று, "சார், அப்படித் தூக்கிக் காட்டுவீங்களா? நான் வந்து எடுத்துக்கறேன்" என்றார்.

அவர் அக்காவை ஒரு பார்வை பார்த்தார். கோபம் பாக்கி இருந்தது. ஆனால் தன் தொழிலைப் பற்றிக் கேட்கிறவர்களிடம் யாருக்குத்தான் முழுசாகக் கோபப்பட முடியும்? "வாங்க. நாளைக்குள்ள திருத்திக் குடுக்கணும். அதுலயும் எவனாவது கத்தினான்னா நானே கத்துவேன்."

அவருடைய குடோனுக்கு நானும் போனேன். ஆட்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். மாடிப்படியில் மேலே அவர் நிற்க, கீழே நிற்க ஆள் இல்லை. அக்கா போனைப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்தார்.

"சீனியர், கொஞ்சம் கீழ நில்லுங்களேன்."

இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ஆபீஸ் அட்டை. பாரம் தூக்குவது தன்னோடு முடிந்தது என்று அப்பா சொல்லிக் கேட்ட அதே நான், ஒரு பீரோவின் அடியில் கையைக் கொடுத்தேன். சாய்த்ததும் பாரம் முழுக்க நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. ஒரு படி ஏறும்போது முதலில் இடுப்பு இறங்குகிறது, மூச்சு நிற்கிறது, அப்புறம்தான் கால் எழும்புகிறது. மூன்று வருடக் கல்லூரியிலும் முக்கால் வருட நாற்காலியிலும் எனக்குத் தெரியாமல் இருந்தது இது. என் பொம்மைகளுக்கு ஏன் எடை இல்லை என்று அந்தப் படியில் புரிந்தது. நான் எதையும் உடம்பில் வாங்கியதே இல்லை.

அந்த வீடியோவை அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"கீழ நிக்கிறவன் யாருடா, படிச்சவன் மாதிரி தூக்குறான்?"

"நான்தாம்பா."

"அதானே பார்த்தேன்" என்று சிரித்தார். கோபப்படுவாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். "முழங்காலை மடக்குடா. முதுகு போச்சுன்னா நாளைக்கு அந்தப் பொட்டி முன்னாடி எப்படி உக்காருவே?"

அக்கா மறுநாள் காலை ஒரு மூச்சில் உட்கார்ந்து பொம்மைகளைத் திருப்பி ஏற்றினார். இந்த முறை முடித்ததும், எங்கள் டீமையே நிற்க வைத்து முதல் பிரேமிலிருந்து கடைசிவரை மூன்று தடவை ஓட்டினார். கம்பெனிக்காரரிடமிருந்து ஒரே ஒரு பதில் வந்தது: "இப்போ உறுத்தல."

அன்று மாலை லீட் அக்காவைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். என்னையும் கூப்பிட்டார். எதற்கு என்று புரியவில்லை.

"அக்கா, ஒளிச்சுப் பேசத் தெரியாது எனக்கு. உங்க ஃபைலைத் திறந்தா சந்தைக்கடை மாதிரி இருக்கு. அதுக்கு நான் உங்களை வீட்டுக்கு அனுப்பலாம்."

அக்கா தலையை ஆட்டினார். கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"ஆனா இந்த ஆபீஸ்ல உங்க அளவுக்கு அசைவு தெரிஞ்சவங்க யாரும் இல்ல. என்னையும் சேர்த்துத்தான். அதனால நிரந்தரம். ஒரு நிபந்தனை இருக்கு. உங்க ஃபைல் எதுவும் இவன் திறந்து பார்த்துச் சரின்னு சொல்லாம வெளியே போகக் கூடாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "உன் ஃபைல் கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கு. பொம்மைதான் செத்துக் கிடக்கு. நீ அசைவு எதையும் அக்காகிட்ட காட்டாம அனுப்பக் கூடாது."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுத்துல குடுப்பீங்களா சார்?" என்றார்.

"சார்னு கூப்பிடாதீங்கக்கா, கூச்சமா இருக்கு."

இப்போது ஒரு வருடம் ஆகிறது. அவருடைய ஃபைல்களில் நான் இதுவரை கண்டுபிடித்து வெளியேற்றியவை: குடையோடு நடனமாடும் அவர் மகள், தவளையாகத் தாவும் வீட்டுக்காரர், ஒரு தலையணைச் சண்டை. என் சம்பளம் உயர்ந்ததற்கும், என் பொம்மைகள் தரையில் கால் ஊன்றி நடப்பதற்கும் நான் நன்றி சொல்ல வேண்டியவர் அவர்தான். நேரில் சொன்னால் கேலி செய்வார் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கத்திலிருந்து குரல் வருகிறது. என் புது விளம்பரத்தில் ஒரு கிழவர் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும். நேற்று நான் செய்தது அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

"கிழவர் இறங்குற மாதிரியா இருக்கு இது? குரங்கு குதிச்ச மாதிரி இருக்கு. வாசல்ல வாட்ச்மேனோட சைக்கிள் நிக்குது, கேட்டு வெச்சிருக்கேன். எழுந்திரிங்க சீனியர்."

எழுந்து போகிறேன்.